பருப்பு வேகாத ஊரில் ஒரு சுண்டல்

"உன் பருப்பு எங்கிட்ட வேகாது" என்று யாரிடமாவது ஒருமுறையாவது சொல்லியிருப்போம். என்னிடம் அதைச் சொன்னது ஒரு படி கொண்டைக்கடலை.

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள பிள்ளைச்சாவடிக்குக் குடிவந்த வருடம். நவராத்திரிக்கு நாலு பேரைக் கூப்பிட்டிருந்தேன். கடலையை ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் குக்கரில் ஏற்றினேன். ஆறு விசில். திறந்து ஒன்றை எடுத்து நசுக்கினால் விரல்தான் வலித்தது. இன்னும் நாலு விசில். தோல் உரிந்து மேலே மிதந்தது. உள்ளே இருந்த பருப்பு மட்டும் கோலிக்குண்டாக அப்படியே கிடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆயா ஒரே கேள்விதான் கேட்டார்: "போர் தண்ணியிலயா வச்ச? உப்புத் தண்ணியில பருப்பு வேகாது கண்ணு. குடிக்கிற தண்ணியில போடு."

மறுநாள் அதே கடலையில் இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றைப் போர் தண்ணீரிலும் மற்றதைக் கேன் தண்ணீரிலும் ஊறவைத்து, அந்தந்தத் தண்ணீரிலேயே வேகவைத்துப் பார்த்தேன். கேன் தண்ணீர்க் கடலை நாக்கால் அழுத்தினாலே மாவாகக் கரைந்தது. போர் தண்ணீர்க் கடலை நடுவில் நறுக்கென்றது. அடுப்பு ஒன்று, குக்கர் ஒன்று, நேரமும் ஒன்று. ஆயா சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்று தேடிப் போனபோதுதான், பத்து நிமிட வேலை என்று நாம் நினைக்கிற சுண்டலுக்குள் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று புரிந்தது.

பெயரிலேயே செய்முறை

வேகவைத்த பயறு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் புளிப்பு, மேலே பச்சையாக ஏதாவது நறுக்கிப் போட்டது. இதை உலகம் முழுக்க சாலட் என்கிறார்கள். நம்மிடம் அதற்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று. சுண்டுதல் என்றால் நீர் வற்றுதல். வெந்தபின் தண்ணீர் சுண்டி, பயறு உதிரி உதிரியாக நிற்க வேண்டும் என்ற பக்குவத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்தால் அதையும் சுண்டல் என்பார்கள். அங்கே அது இலை சாலட், இங்கே பயறு சாலட்.

வயிறு நிறைக்கும் விஷயத்தில் பயறுக்கு ஈடு குறைவு. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 முதல் 8 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஆற்றல் சுமார் 164 கலோரி. இரண்டு கைப்பிடி சாப்பிட்டுவிட்டால் ராத்திரி சாப்பாட்டை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பயறில் லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம், மெத்தியோனின் குறைவு. அரிசியில் இது அப்படியே தலைகீழ். மதியம் சோறு, சாயங்காலம் சுண்டல் என்றால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும்.

தண்ணீருக்குள் இருக்கும் பூட்டு

சரி, பருப்பு ஏன் வேகவில்லை?

பயறின் உள்ளே லட்சக்கணக்கான செல்கள் செங்கல் அடுக்கியதுபோல இருக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் பூசுவதுபோல, செல்களை ஒட்டவைப்பது பெக்டின் என்ற பொருள். ஜாம் கெட்டியாக நிற்பதும் இதே பெக்டினால்தான். சூட்டில் பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதையே நாம் 'வெந்தது' என்கிறோம். மாவு மாதிரி வெந்த கடலையில் செல்கள் உடைவதில்லை, பிரிகின்றன.

கால்சியமும் மெக்னீசியமும் இந்தப் பெக்டினுக்குப் பூட்டுப் போடும். இரண்டு மின்னூட்டம் கொண்ட அயனிகள் என்பதால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெக்டின் இழைகளை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பிடி எளிதில் தளராது. கடின நீர் என்று நாம் சொல்வது இந்த இரண்டும் மிகுந்த தண்ணீரைத்தான். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது.

பிள்ளைச்சாவடியில் இதற்கு ஊர்க் காரணமும் உண்டு. புதுச்சேரி நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மீனவர் ஊர் இது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடிவரும் மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே இருந்த ஊர்களின் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. அலை கரையில் செய்வது கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் நடப்பது தெரியாது. கடலோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்கு உப்பு நீர் உள்ளே நகரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல்நீர் சிறிதளவு கலந்தாலே போதும், பூட்டுகள் வந்து சேர்ந்துவிடும்.

ஆயா சொன்ன 'உப்பு', நாம் சமையலில் போடும் உப்பு இல்லை. இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம். சாப்பாட்டு உப்பில் இருப்பது சோடியம். அதற்கு மின்னூட்டம் ஒன்றுதான்; இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்க அதனால் முடியாது. அதோடு, பெக்டினில் உட்கார்ந்திருக்கும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஊறவைக்கும் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டால் கடலை சீக்கிரம் வேகும், தோலும் மிருதுவாகும். 'முதலிலேயே உப்புப் போட்டால் வேகாது' என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லிவருவது, பெரும்பாலும் உப்புத் தண்ணீரின் மேலான பழியை உப்பு ஜாடியின் மேல் போட்டதுதான்.

ஆப்ப சோடா இன்னும் வேகமான சாவி. காரத்தன்மை பெக்டினை உடைத்துவிடும். ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கும். கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை வரும். ஒரு சிட்டிகையைத் தாண்ட வேண்டாம்.

தண்ணீர் நல்லதாக இருந்தும் வேகவில்லை என்றால் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில், அதாவது நம் கடலோரச் சமையலறைகளில், மாதக்கணக்கில் கிடக்கும் பயறு தானாகவே கல்லாகிவிடும். பயறுக்குள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்துவைத்திருக்கிறது. நாள்பட அது சிதையும்போது அவை விடுபட்டு, நேராகப் போய்ப் பெக்டினைப் பூட்டுகின்றன. மளிகைக்கடையில் மொத்தமாக வாங்கினால் மலிவுதான். ஆனால் அந்த லாபத்தைச் சிலிண்டர் தின்றுவிடும்.

ஊறும்போது பாருங்கள்

காராமணியைத் தண்ணீரில் போட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உப்பப்போகிறது என்று நினைத்தால், முதலில் தோல் கிழவியின் கைபோலச் சுருங்கியிருக்கும். தண்ணீர் தோலுக்குள் முதலில் புகுந்து தோலை விரிக்கிறது. உள்ளிருக்கும் பருப்பு இன்னும் அதே அளவில் இருப்பதால் விரிந்த தோல் மடிகிறது. நேரம் போகப் போகப் பருப்பும் உப்பி, சுருக்கம் நீங்கும். தோல் முழுக்கத் தண்ணீர் ஒரேமாதிரி நுழைவதில்லை. பயறின் 'கண்' என்கிறோமே, அந்தக் காம்புத் தழும்பும் அதன் அருகிலுள்ள சிறு துளையும்தான் முக்கிய வாசல்.

கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம் வேண்டும். எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மறந்துவிட்டால் வழி உண்டு. தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். சூட்டில் தண்ணீர் வேகமாக உள்ளே போகும். புதுச்சேரி வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறவிட்டால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். நடுவில் ஒருமுறை மாற்றுங்கள்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டலாமா? வாயுத் தொல்லை உள்ளவர்கள் கொட்டலாம். பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும். ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் வெளிவரும். ஊறல் நீரைக் கொட்டினால் இச்சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். முழுக்கப் போகவும் வேண்டாம். அதே பாக்டீரியாக்கள் அதே வேலையில் பியூட்ரேட் என்ற அமிலத்தையும் செய்கின்றன; பெருங்குடல் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. பழக்கமில்லாதவர்கள் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம்.

விசில் ஒரு கடிகாரம் இல்லை

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு ஏறும். அந்த இருபது டிகிரியில்தான் ஒரு மணி நேர வேலை கால் மணி நேரமாகிறது. இந்த யோசனை ஒரு பிரெஞ்சுக்காரருடையது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சு வணிகத்தளத்தை நிலைநிறுத்திய ஐந்தாவது வருடம், 1679இல், தெனி பாப்பேன் லண்டனில் தன் நீராவிப் பாத்திரத்தைக் காட்டினார். எலும்பையே மெத்தென்று வேகவைத்த பாத்திரம் அது. வெடித்துவிடாமல் இருக்க அவர் சேர்த்த பாதுகாப்பு வால்வின் வாரிசுதான் நம் வீட்டுக் குக்கரில் சீறுகிற வெயிட்.

"எத்தனை விசில்?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும். சிறிதாக இருந்தால் கால் மணி நேரத்தில் ஒன்றுகூட வராது. உள்ளே சூடு என்னவோ ஏறத்தாழ ஒன்றுதான். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து நிமிடத்தை எண்ணுங்கள். நன்றாக ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்து நிமிடம், ஊறிய காராமணிக்கும் பச்சைப்பயறுக்கும் ஐந்தாறு நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கினால் உள்ளே தண்ணீர் திடீரென்று கொந்தளித்துத் தோலைக் கிழித்துவிடும்.

ராஜ்மா போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் அதிகம். நான்கைந்து பச்சைக் கொட்டையே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் அது செயலிழக்கும். 80 டிகிரி அளவில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் அரைவேக்காடாக விட்டால் ஆபத்து, பச்சையாகத் தின்பதைவிடவும் அதிகம். குக்கரில் வைப்பவர்களுக்குக் கவலை இல்லை.

கடுகுக்கு இரண்டு பாதை

புதுச்சேரியில் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் பருப்பு சாலட் கேட்டால், வெந்த மைசூர்ப் பருப்பு வகையில் வினிகரும் எண்ணெயும் கடுகு விழுதும் கலந்து தருவார்கள். பிரான்சில் லு புய் பகுதியின் பச்சைப் பருப்பு இதற்குப் பேர்போனது. 1996 முதல் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. சுண்டலிலும் பயறு, எண்ணெய், கடுகு, புளிப்பு என்று அதே நால்வர்தான். ருசி மட்டும் ஏன் இவ்வளவு வேறு?

கடுகுக்குள் காரம் தயாராக இல்லை. சினிக்ரின் என்ற பொருள் ஒரு அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு அறையிலும் இருக்கின்றன. கடுகைப் பச்சையாக நனைத்து அரைத்தால் சுவர் உடைந்து இரண்டும் சேரும். மூக்கில் ஏறும் அந்தக் காரம் அப்போதுதான் பிறக்கும். பிரெஞ்சு விழுது அந்தப் பாதை. நாமோ கடுகை முழுசாகச் சூடான எண்ணெயில் போடுகிறோம். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி விதையை வெடிக்கவைக்கிறது. நொதி சேர்ந்து வேலை செய்வதற்குள் சூட்டில் மடிந்துவிடுகிறது. மிஞ்சுவது வறுத்த கொட்டையின் மணம். அங்கே காரம், இங்கே வாசம்.

விழுதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூன்று பங்கு எண்ணெயும் ஒரு பங்கு வினிகரும் பிரிந்துவிடாமல் அது கட்டிவைக்கும். சுண்டலில் அந்தப் பிரச்சினையே இல்லை. வெந்து கொஞ்சம் மசிந்த கடலை மாவும் தேங்காய்த் துருவலும் எண்ணெயைத் தாங்கிக்கொள்கின்றன. பெருங்காயம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் இவற்றின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில் எளிதாகக் கரைபவை. தாளிப்பதே அந்த வாசனையை எண்ணெயில் இறக்கி ஒவ்வொரு கடலையின் மேலும் பூசத்தான்.

புளிப்பு கடைசியில்

கடற்கரையில் தூக்குவாளியோடு வருகிறவர் கூவுவதைக் கேளுங்கள்: தேங்கா, மாங்கா, பட்டாணி சுண்டல். மாங்காய் அதில் ருசிக்கு மட்டும் இல்லை.

பயறில் இரும்புச்சத்து உண்டு. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் மூன்று மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தாவர இரும்பு உடம்பில் எளிதில் சேராது. பயறிலேயே இருக்கும் ஃபைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதே வாய்க் கவளத்தோடு வைட்டமின் சி போனால், இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி உறிஞ்சப்படுவது கூடும். பச்சை மாங்காய், எலுமிச்சை, நறுக்கிய தக்காளி எல்லாம் இந்த உதவியைச் செய்பவை.

எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். வேகும்போதே எலுமிச்சையைப் பிழிந்தால் இரண்டு நஷ்டம். அமிலம் பெக்டினைக் கரையவிடாது, கடலை வேகாது. சூடு வைட்டமின் சியை அழித்துவிடும், இரும்புக்கும் பலனில்லை. அடுப்பை அணைத்து, சுண்டல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிழிந்தால் இரண்டும் லாபம். நம் பாட்டிமார் எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தது கசந்துவிடும் என்ற பயத்தில்தான். காரணம் எதுவானாலும் வரிசை சரி.

சாயங்காலச் சுண்டல்

காலையில் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையைக் கேன் தண்ணீரிலோ மழைநீரிலோ ஒரு டீஸ்பூன் உப்புடன் ஊறவையுங்கள். சாயங்காலம் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, நல்ல தண்ணீர் கடலைக்கு மேல் ஒரு விரல்கடை நிற்க ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் பதினைந்து நிமிடம். ஆவி அடங்குவதற்குள் வெள்ளரி, வெங்காயம், மாங்காய் நறுக்கிவிடலாம். ஒன்றை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் அழுத்துங்கள். பல் படாமல் மசிந்தால் பதம். நீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, மிளகாய் தாளித்துக் கடலையைப் புரட்டி, ஈரம் சுண்டியதும் அணையுங்கள். தேங்காய்ப்பூ, நறுக்கியவை, கடைசியில் அரை மூடி எலுமிச்சை. ஊறவைக்க மறந்த நாளில் கொண்டைக்கடலையை விட்டுவிட்டுப் பச்சைப்பயறை எடுங்கள். அரை மணி நேரம் வெந்நீரில் கிடந்தால் போதும்.

வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலாக வடித்தெடுங்கள். பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம் வெள்ளையாக அடியில் தங்கிவிடும். கடல் கொண்டுவந்த மெக்னீசியத்தின் பெரும்பகுதி இதற்கு மசியாது. ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவுக்கு அங்கேதான் நியாயம்.

தேங்காய் சேர்த்த சுண்டலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கவும் வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் எச்சரித்தது. தொன்னையோ வாழை இலைத் துண்டோ போதும்.

அடுத்த முறை பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைத் திட்டாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள், அடுத்து டப்பாவில் வாங்கிய தேதியைப் பாருங்கள். சுண்டல் சாப்பிட்டதும் கை தானாக டீ டம்ளரைத் தேடும். ஒரு மணி நேரம் பொறுங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் மாங்காயும் எலுமிச்சையும் பாடுபட்டு விடுவித்த இரும்பைத் திரும்பவும் கட்டிப்போட்டுவிடும்.